பாராவும் புறமும்: வாசகர் கேள்வி பதில்

பாராசிட்டமால், பாராலிம்பிக், பாராமெடிக், பாராசூட், பாராமீட்டர். இப்படி ‘பாரா’வில் தொடங்கும் சொற்களைப் பற்றிக் கோலாலம்பூரிலிருந்தும் பினாங்கிலிருந்தும் வந்த கேள்விகளை இந்த இதழில் ஒரே இடத்தில் சேர்த்துவிட்டோம். முதல் பதிலைப் படித்துவிட்டு மற்றவற்றுக்குப் போனால் எளிதாக இருக்கும்.

*

கேள்வி: பாராசைட் என்றால் ஒட்டுண்ணி, பாரடாக்ஸ் என்றால் முரண், பாரலல் என்றால் இணை. ஒரே முன்னொட்டு ஓரிடத்தில் ஒட்டுகிறது, இன்னோரிடத்தில் முரண்படுகிறது, வேறோரிடத்தில் சேர்ந்து ஓடுகிறது. எப்படி?
(ஆறாம் படிவ மாணவி, ஜோர்ஜ்டவுன்)

பதில்: கிரேக்க மொழியில் ‘பாரா’ ஒரு தனிச்சொல்லாகவும் வரும். ‘பக்கம்’ என்பதுதான் அதன் அடிப்படை. அதையடுத்து வரும் பெயர்ச்சொல் எந்த வேற்றுமையில் நிற்கிறதோ, அதற்கேற்ப அந்தப் பக்கம் திரும்பிக்கொள்ளும். ஒரு வேற்றுமையோடு வந்தால் ‘பக்கத்திலிருந்து’: அரசனிடமிருந்து வந்த தூதன். இன்னொன்றோடு வந்தால் ‘பக்கத்தில்’: அரசனிடத்தில் இருக்கிறவன். மூன்றாவதில் அசைவு சேரும்: ஆற்றோரமாக நடந்தான். ஓரமாகவே போகிறவன் ஒரு கட்டத்தில் தாண்டியும் போய்விடுவான் அல்லவா? அதனால் ‘தாண்டி’, ‘மீறி’, ‘மாறாக’ என்ற பொருள்களும் இந்த மூன்றாவதிலேயே முளைத்தன.

இது நமக்குப் புதிதல்ல. தமிழில் ‘புறம்’ இதே வேலையைத்தான் செய்கிறது. இடப்புறம், வலப்புறம் என்றால் பக்கம். புறநகர், தோட்டப்புறம் என்றால் ஒட்டிய வெளிப்பகுதி. சட்டத்துக்குப் புறம்பானது என்றால் சட்டத்தை மீறியது. கிரேக்கர்கள் ‘பாரா நோமோன்’ என்றது சொல்லுக்குச் சொல் இதையேதான்: நோமோஸ் என்றால் சட்டம், பாரா என்றால் புறம்பாக. பக்கம் என்ற சொல் மீறலாக மாறுவது எப்படி என்று யாராவது கேட்டால், ‘புறம்பாக’ என்ற ஒரு சொல்லைச் சொன்னாலே போதும்.

இனி உங்கள் மூன்று சொற்களைப் பிரிக்கலாம். பாரலல்: ஒன்றன் பக்கத்தில் மற்றொன்று. பாரடாக்ஸ்: டோக்ஸா என்பது பொதுவாக மக்கள் கொள்ளும் கருத்து, அதற்குப் புறம்பாக நிற்பது பாரடாக்ஸ். பாராசைட்: சிட்டோஸ் என்றால் தானியம், உணவு. பக்கத்தில் உட்கார்ந்து உண்பவன் பாராசிட்டோஸ். அந்தச் சொல் முதலில் வசைச்சொல்லே இல்லை. கோயில் சார்பில் நடக்கும் விருந்தில் உண்ணும் உரிமையுள்ள பணியாளர்களுக்கு அது பெயர். பிறகு நாடக மேடையில், பணக்காரர் வீட்டுப் பந்தியை விடாமல் சுற்றுகிறவனைக் குறித்தது. உயிரியல் அதற்கு வெகுகாலம் பின்னால்தான் வந்தது. ‘ஒட்டுண்ணி’ என்று தமிழாக்கியவர் பாராவை ‘ஒட்டு’ என்றும் சிட்டோஸை ‘உண்ணி’ என்றும் ஆக்கியிருக்கிறார். இதைவிடச் சரியான மொழிபெயர்ப்பு கிடைப்பது அரிது.

*

கேள்வி: கட்டுரையில் ‘இரண்டு பாரா எழுது’ என்கிறோம். பத்தி எப்படிப் பாரா ஆனது?
(டியூஷன் ஆசிரியர், பிரிக்பீல்ட்ஸ்)

பதில்: பாராகிராஃப் என்பதன் சுருக்கம் அது. கிராஃபெய்ன் என்றால் எழுதுதல், கீறுதல். பழைய கிரேக்கச் சுருள்களில் சொற்களுக்கிடையே இடைவெளி விடாமல் எழுதிக்கொண்டே போவார்கள். ஒரு கருத்து முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில், இடது ஓரத்தில், அந்த வரியின் தொடக்கத்துக்கு அடியில் சின்னதாக ஒரு படுக்கைக் கோடு இழுப்பார்கள். நாடகப் பிரதியாக இருந்தால் பேசுகிறவர் மாறும் இடத்தில் அந்தக் கோடு விழும். எழுத்துக்குப் பக்கத்தில் கீறியது என்பதால் அதற்குப் ‘பாராகிராஃபோஸ்’ என்று பெயர். அதாவது முதலில் பாரா என்பது அந்தக் கோடுதான். கோடு குறித்துக் காட்டிய பகுதிக்கே பெயர் தாவியது பிற்காலத்தில்.

*

கேள்வி: துணி அலமாரியில் போடும் அந்துருண்டைப் பாக்கெட்டில் ‘பாரா-டைகுளோரோபென்சீன்’ என்று எழுதியிருக்கிறது. பாராசிட்டமாலிலும் அதே பாரா. இரண்டுக்கும் என்ன உறவு? பிள்ளைகள் உள்ள வீட்டில் இது ஆபத்தா?
(இல்லத்தரசி, செந்தூல்)

பதில்: உறவு உண்டு, ஆனால் குணத்தில் இல்லை, வரைபடத்தில்தான். ஒரு தாளில் அறுகோணம் வரையுங்கள். அதுதான் பென்சீன் வளையம். மூலைகளுக்கு 1 முதல் 6 வரை வரிசையாக எண் போடுங்கள். 1இல் ஒரு குழுவை மாட்டினால், இரண்டாவதை மாட்ட மூன்று விதம்தான் உண்டு. அடுத்த மூலையான 2 என்றால் ‘ஆர்த்தோ’. ஒன்று விட்டு 3 என்றால் ‘மெட்டா’. நேர் எதிரே 4 என்றால் ‘பாரா’. 5, 6 என்பவை 3, 2 ஆகியவற்றின் கண்ணாடிப் பிம்பங்கள்தான். கிரேக்கத்தில் பாராவுக்கு ‘நேரெதிர்’ என்ற பொருள் கிடையாது. ஒரே அணுக்கள் கொண்ட இரு பொருள்களைப் பிரித்துச் சொல்ல, ‘இதன் பக்கத்தது’ என்ற கருத்தில் வேதியியலார் பாராவை எடுத்தார்கள். 1-4 என்ற இடம் அதற்குப் பிறகு ஒதுக்கப்பட்டது.

இடம் மாறினால் என்ன ஆகும் என்பதற்கு உங்கள் கையிலுள்ள உருண்டையே சாட்சி. டைகுளோரோபென்சீன் மூன்று வகையிலும் அணுக்கள் ஒன்றே: 6 கார்பன், 4 ஹைட்ரஜன், 2 குளோரின். ஆர்த்தோவும் மெட்டாவும் நம் ஊர் வெயிலில் திரவமாகத்தான் இருக்கும். பாரா மட்டும் 53 டிகிரி செல்சியஸ் வரை கெட்டியாக நிற்கும். குளோரின் இரண்டும் நேர் எதிரெதிரே இருப்பதால் மூலக்கூறு சமச்சீராக இருக்கிறது. அடுக்கிவைத்த செங்கல் போலப் படிகத்தில் நெருக்கமாக உட்காருகிறது, கலைக்க அதிக வெப்பம் வேண்டும். உருண்டை பிடிக்க முடிவது இந்த ஒன்றைத்தான்.

பாராசிட்டமாலில் 1ஆம் இடத்தில் அசிட்டைல்அமினோ குழு, 4ஆம் இடத்தில் ஹைட்ராக்சில். ‘பாரா-அசிட்டைல்அமினோஃபீனால்’ என்ற முழுப்பெயரிலிருந்து அங்கங்கே எழுத்து எடுத்துக் கோத்ததுதான் பாராசிட்டமால். இன்னொரு விதமாகக் கோத்ததால் அமெரிக்காவில் அதே மருந்துக்கு அசிட்டமினோஃபென் என்று பெயர். வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவந்த மாத்திரையில் அந்தப் பெயரைப் பார்த்தால் வேறு மருந்து என்று நினைத்து இரண்டையும் சேர்த்து விழுங்கிவிடாதீர்கள். பெரியவர்களுக்கு 500 மில்லிகிராம் மாத்திரை ஒரு தடவைக்கு ஒன்று அல்லது இரண்டு, 4 முதல் 6 மணி நேர இடைவெளியில், 24 மணி நேரத்தில் 8க்கு மேல் போகக்கூடாது. பல சளி, காய்ச்சல் மாத்திரைகளிலும் இதே மருந்து கலந்திருக்கும். அளவு மீறுவது பெரும்பாலும் அங்கேதான், அடி விழுவது கல்லீரலுக்கு. பிள்ளைகளின் சிரப் வாங்கும்போது இன்னொன்றைப் பாருங்கள்: 5 மில்லியில் 120 மில்லிகிராம் உள்ளதும் கிடைக்கிறது, 250 உள்ளதும் கிடைக்கிறது. பழைய பாட்டில் அளவை நினைவில் வைத்துப் புதியதை ஊற்றினால் பிள்ளைக்கு இரண்டு மடங்கு போய்விடும்.

இப்போது ஆபத்து. கடையில் மலாயில் ‘உபாட் கெகாட்’ (அந்துருண்டை) என்று கேட்டால் கிடைப்பவை எல்லாம் பாரா வகை அல்ல. சில நாப்தலீன். ஜி6பிடி (சிவப்பணுக்களைக் காக்கும் ஒரு நொதி) குறைபாடுள்ள குழந்தைக்கு நாப்தலீன் வாடை ஏறிய துணியே ஆகாது, சிவப்பணுக்கள் உடைந்து மஞ்சள் காமாலை வரும். நம் மருத்துவமனைகளில் பிறந்தவுடன் தொப்புள்கொடி இரத்தத்தில் ஜி6பிடி பார்ப்பதன் காரணங்களில் இதுவும் ஒன்று. குழந்தைத் துணியோடு எந்த உருண்டையையும் போடாதீர்கள். பாரா வகையும் விழுங்கினால் நஞ்சுதான்.

பாக்கெட் தொலைந்து, எது எதுவென்று தெரியாமல் போனால் வீட்டிலேயே பிரித்தறியலாம். சமையலுக்கு எடுக்காத இரண்டு கண்ணாடிக் குவளைகள் வேண்டும். ஒன்றில் வெறும் குழாய்த் தண்ணீர். மற்றதில் 100 மில்லி வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி 40 கிராம் உப்பைப் போட்டு நன்றாகக் கலக்கி ஆறவிடுங்கள். அடியில் கொஞ்சம் உப்பு கரையாமல் தங்க வேண்டும், அப்போதுதான் தண்ணீர் முழுதாக நிறைந்திருக்கிறது என்று பொருள். உருண்டையை வெறும் தண்ணீரில் போடுங்கள். மிதந்தால் கற்பூரம். மூழ்கினால் எடுத்து உப்புத் தண்ணீரில் போடுங்கள். அங்கே மிதந்தால் நாப்தலீன், அங்கேயும் மூழ்கினால் பாரா. நாப்தலீனின் அடர்த்தி சுமார் 1.15, நிறைந்த உப்புத் தண்ணீர் 1.2, பாரா 1.25. இடைவெளி குறைவு என்பதால் உப்பில் கஞ்சம் பிடித்தால் நாப்தலீனும் மூழ்கி ஏமாற்றிவிடும். காற்றுக் குமிழி ஒட்டியிருந்தால் பாராவும் மிதக்கும், அதனால் குச்சியால் ஒரு தட்டுத் தட்டிப் பாருங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், ஜன்னலைத் திறந்துவையுங்கள். யாராவது விழுங்கிவிட்டால் இந்தச் சோதனையெல்லாம் செய்து நேரத்தைக் கடத்தாமல், உருண்டையையும் எடுத்துக்கொண்டு நேரே மருத்துவமனைக்குப் போங்கள்.

*

கேள்வி: அப்படியானால் வேதியியலில் பாரா என்றாலே 1-4 தானா? ‘பாராபென் இல்லாதது’ என்று போட்ட கிரீம்களை விற்கிறோம். வாடிக்கையாளர் கேட்டால் என்ன சொல்வது?
(மருந்தகப் பணியாளர், கெப்போங்)

பதில்: பாராபென்னில் அதே 1-4 தான். பாரா-ஹைட்ராக்சிபென்சோயிக் அமிலத்திலிருந்து செய்த பதப்படுத்திகள் அவை: மீதைல்பாராபென், புரோப்பைல்பாராபென் என்று பட்டியலில் இருக்கும். உங்கள் அலமாரியில் முகப்பருவுக்கு விற்கும் சாலிசிலிக் அமிலத்தின் அணுக்கணக்கும் இந்த அமிலத்தின் அணுக்கணக்கும் ஒன்றே. ஹைட்ராக்சில் 2ஆம் இடத்தில் இருந்தால் சாலிசிலிக், 4ஆம் இடத்தில் இருந்தால் பாராபென்னின் தாய். அதனால் ‘பாராபென் இல்லை’ என்பது ஒரு குறிப்பிட்ட பதப்படுத்திக் குடும்பம் இல்லை என்பதை மட்டும் சொல்கிறது. பதப்படுத்தியே இல்லை என்று பொருளல்ல. தண்ணீர் கலந்த கிரீமில் வேறு ஏதோ ஒன்று கட்டாயம் இருக்கும்.

தோட்டப்புறத்தில் பல ஆண்டு தெளித்த பாராகுவாட் களைக்கொல்லியிலும் இதே பாராதான். இரண்டு வளையங்கள் ஒன்றோடொன்று பாரா இடத்தில் இணைந்த மூலக்கூறு அது. ஒரு வாய் உள்ளே போனாலும் உயிரைப் பறிக்கக்கூடிய அந்த நஞ்சுக்கு மாற்று மருந்து இல்லை. மலேசியாவில் 1 ஜனவரி 2020 முதல் தடை. எங்காவது ஸ்டோரில் பழைய கேன் கிடந்தால், சாக்கடையில் ஊற்றாமலும் வேறு பாட்டிலுக்கு மாற்றாமலும் விவசாயத் துறையிடம் கேட்டு ஒப்படைக்க வேண்டும்.

விதிவிலக்கும் உண்டு. பாராஃபார்மால்டிஹைடில் வளையமே இல்லை. ஃபார்மால்டிஹைடு மூலக்கூறுகள் சங்கிலியாகக் கோத்துக்கொண்ட பொருள் அது. பாரஃபின் மெழுகோ கிரேக்கமே இல்லை. 1830இல் கார்ல் வான் ரைகன்பாக் என்ற ஜெர்மானியர் லத்தீனின் ‘பாரும்’, ‘அஃபினிஸ்’ என்ற இரண்டையும் சேர்த்துச் செய்த பெயர் அது. எதனோடும் எளிதில் வினைபுரியாது என்பதால் ‘உறவு குறைந்தது’ என்று வைத்தார்.

*

கேள்வி: பாராசூட்டிலும் பாராமெடிக்கிலும் இருப்பது ஒரே பாராவா?
(செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் தொண்டர், பட்டர்வொர்த்)

பதில்: இல்லை. ஆனால் இரண்டும் ஒருமுறை சந்தித்திருக்கின்றன.

பாராசூட்டின் பாரா இத்தாலியிலிருந்து வந்தது. ‘பராரே’ என்றால் தடுத்தல், காத்தல். சூட் என்பது பிரெஞ்சில் வீழ்ச்சி. வீழ்ச்சியைத் தடுப்பது பாராசூட். 1780களில் லெனோர்மண்ட் என்ற பிரெஞ்சுக்காரர் வைத்த பெயர். வெயிலைத் தடுப்பது பாராசோல். மொட்டை மாடியின் கைப்பிடிச் சுவரைப் பாராபெட் என்கிறோமே, அது மார்பைக் காப்பது. கோட்டைச் சுவரில் வீரனின் மார்புவரை மறைத்ததால் அந்தப் பெயர். பாராகிளைடிங், பாராட்ரூப்பர் இரண்டும் பாராசூட்டின் பிள்ளைகள்.

பாராமெடிக்கல் என்பதில் இருப்பது கிரேக்கப் பாரா: மருத்துவருக்குப் பக்கத்தில் நின்று செய்யும் பணி. ஆனால் 1950களின் தொடக்கத்தில் அமெரிக்க ராணுவத்தில், பாராசூட்டில் குதித்துப் போய்க் காயம்பட்டவர்களுக்கு மருந்து கட்டியவர்களையும் ‘பாராமெடிக்’ என்றார்கள். அங்கே அது பாராசூட்டின் பாரா. அந்தப் பொருள் மங்கிப்போய், இன்று நாம் 999ஐ அழைத்தால் வருபவர் கிரேக்கப் பாராமெடிக். நம் தோட்டங்களில் ‘டிரெஸ்ஸர்’ என்று அழைத்தோமே, அவர் செய்த வேலையையும் இந்தச் சொல்லுக்குள்தான் வைக்க வேண்டும். ஐம்பது மைலுக்கு டாக்டர் இல்லாத இடத்தில் காய்ச்சலும் பிரசவமும் அவர் கையில்தான் இருந்தன. ‘துணை’ என்ற சொல்லை அவ்வளவு லேசாக எடுத்துக்கொள்ளக்கூடாது.

எது இத்தாலி, எது கிரேக்கம் என்று கண்டுபிடிக்க ஒரு வழி: பாராவுக்குப் பின்னால் வருவதைப் பாருங்கள். விழுவது, வெயில், மழை, மார்பு என்று தடுக்கவோ காக்கவோ வேண்டிய ஒன்றாக இருந்தால் இத்தாலிப் பாரா.

*

கேள்வி: பாராலிம்பிக் என்பதற்கு ‘ஒலிம்பிக்குக்கு இணையானது’ என்று ஒருவர் சொல்கிறார், ‘கால் செயலிழந்தவர்களுக்கானது’ என்று இன்னொருவர். எது சரி?
(பூப்பந்து ரசிகர், செராஸ்)

பதில்: இரண்டும் சரி, காலம்தான் வேறு. 29 ஜூலை 1948 அன்று, லண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அதே நாளில், இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் டாக்டர் லுட்விக் குட்மன் ஒரு போட்டி நடத்தினார். போரில் முதுகுத்தண்டு அடிபட்ட 16 பேர் சக்கர நாற்காலியில் அமர்ந்து அம்பு எய்தார்கள். அவர்களுக்கு இருந்தது பாராப்ளீஜியா, அதாவது இரண்டு கால்களும் செயலிழந்த நிலை. அந்தச் சொல்லையும் ஒலிம்பிக்கையும் சேர்த்ததில் பிறந்ததுதான் பாராலிம்பிக். 1960இல் ரோமில் 23 நாடுகளிலிருந்து 400 பேர் கலந்துகொண்டார்கள். பிறகு பார்வையற்றவர்கள், கை இழந்தவர்கள், மூளைவாதம் உள்ளவர்கள் என்று எல்லாரும் சேர்ந்ததும் பழைய பொருள் போதவில்லை. ஒலிம்பிக்கின் பக்கத்தில், அதற்கு இணையாக நடப்பது என்று பாராவைப் பழைய கிரேக்கப் பொருளுக்கே திருப்பிவிட்டார்கள்.

நம் வீரர்களைப் பார்த்தாலே இது புரியும். மலேசியாவின் முதல் பாராலிம்பிக் தங்கத்தை 2016இல் ரியோவில் 100 மீட்டர் ஓட்டத்தில் வென்றவர் முகமட் ரிட்சுவான் முகமட் புசி. அவர் பிரிவு டி36. டி என்பது ஓடுபாதையையும், 36 என்பது தசை ஒருங்கிணைப்புக் குறைபாட்டின் வகையையும் குறிக்கும். ஓடித் தங்கம் வென்றவரைப் ‘பாராப்ளீஜியா’ என்று எப்படிச் சொல்வது? போனி புன்யாவ் கஸ்டின் பளுதூக்குதலில் தோக்கியோவிலும் பாரிசிலும் தங்கம் வென்றார். ஆசியான் பாரா விளையாட்டுகள் முதன்முதலில் நடந்ததும் 2001இல் கோலாலம்பூரில்தான்.

இன்று ‘பாரா பூப்பந்து’, ‘பாரா நீச்சல்’ என்று தனியாகப் பிரித்தே எழுதுகிறார்கள். முன்னொட்டாக இருந்தது நம் கண்ணெதிரே தனிச்சொல்லாகிவிட்டது. இதில் ‘அரை’, ‘குறை’ என்ற பொருள் எங்கும் இல்லை. தமிழில் எழுதுகிறவர்கள் ‘இணை’ என்ற சொல்லை மனதில் வைத்து எழுத வேண்டும்.

*

கேள்வி: தொழிற்சாலையில் ‘மெஷின் பாராமீட்டர்’ என்கிறோம். என் மகள் கணக்கில் ‘பெரிமீட்டர்’ படிக்கிறாள். ஒன்றுதானா?
(டெக்னீஷியன், பாயான் லெப்பாஸ்)

பதில்: வேறு வேறு. பெரி என்றால் சுற்றி. வடமொழியின் ‘பரி’யும் இதுவும் ஒரே வேரில் வந்தவை: பரிவட்டம் தலையைச் சுற்றிக் கட்டுவது, வட்டத்தின் சுற்று பரிதி. எனவே பெரிமீட்டர் என்பது சுற்றளவு. பாராமீட்டர் என்பது பக்கத்தில் வைத்துக்கொள்ளும் அளவு. தமிழ்நாட்டுக் கணக்குப் புத்தகத்தில் ‘துணையலகு’ என்று போட்டிருப்பார்கள். பாராவுக்குத் துணை, அளவு என்று பொருள்படும் கிரேக்க ‘மெட்ரோன்’ என்பதற்கு அலகு. அழகான சொல்.

உங்கள் வேலையிடத்தில் இதைச் சரியாகப் பிடித்துக்கொள்வது பணம் சம்பந்தப்பட்டது. மின்னணு போர்டில் பாகங்களைப் பிடிக்கவைக்கும் சால்டரை உருக்கும் ரீஃப்ளோ அடுப்பில் ஒவ்வொரு மண்டலத்தின் வெப்பம், பெல்ட்டின் வேகம் ஆகியவை பாராமீட்டர்கள். நீங்கள் வைக்கிறீர்கள், அடுப்பு கேட்கிறது. போர்டில் ஒட்டிய சென்சார் காட்டும் உச்ச வெப்பம் பாராமீட்டர் அல்ல, விளைவு. ஈயமில்லாத சால்டர் சுமார் 217 டிகிரியில் உருகத் தொடங்கும், போர்டில் 235 முதல் 250 வரை ஏற்றுவது வழக்கம். ஷிப்ட் மாறும்போது யாராவது போர்டில் அளந்த 245ஐப் பாராமீட்டர் கட்டத்தில் எழுதிவிட்டால், அடுத்து வருகிறவர் மண்டலத்தையே 245இல் வைப்பார். போர்டு ஓடிக்கொண்டே இருப்பதால் அடுப்புக் காற்றின் வெப்பத்தை அது முழுதாக எட்டாது. சால்டர் அரைகுறையாக உருகி, மங்கிய, பிடிப்பில்லாத இணைப்புகள் வரும். கனமான போர்டில் இன்னும் மோசம். பதிவேட்டில் ‘வைத்தது’, ‘வந்தது’ என்று இரண்டு கட்டம் போட்டுக்கொள்ளுங்கள்.

*

கேள்வி: அப்பா ‘பாரா ரப்பர்’ என்பார். அதுவும் கிரேக்கமா?
(வாசகி, புக்கிட் மெர்தாஜாம்)

பதில்: இல்லை. பிரேசிலில் ‘பாரா’ என்று ஒரு மாநிலம், அமேசான் கடலில் சேரும் பகுதியில். அங்கிருந்த துறைமுகம் வழியாக ஏற்றுமதியான ரப்பர் என்பதால் பாரா ரப்பர். அந்த ஊர்ப் பெயர் துப்பி என்ற பழங்குடி மொழியில் ‘கடல் போன்ற ஆறு’ என்ற பொருள் தரும். 1876இல் ஹென்றி விக்கம் அமேசானிலிருந்து சுமார் 70,000 விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். முளைத்தவை கொஞ்சம்தான். 1877இல் 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்தன, அவற்றில் 9 பேராக்கின் கோலகங்சாரில் நடப்பட்டன. நம் பாட்டன் பாட்டிகள் விடியுமுன் விளக்கோடு போய் வெட்டிய பால்மரங்களின் தொடக்கம் அந்தக் கன்றுகள்தான்.

*

கேள்வி: மலாய் உரைகளில் ‘பாரா ஹாடிரின்’ என்று தொடங்குகிறார்களே, அது?
(எஸ்.பி.எம். மாணவன், பண்டார் சன்வே)

பதில்: கிரேக்கத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. மலாயில் பாரா என்பது மனிதர்களின் கூட்டத்தைக் குறிக்கும் பன்மைச்சொல், ‘வந்திருப்போர் அனைவரும்’ என்பது போல. தேர்வில் மதிப்பெண் போகும் இடம் ஒன்று உண்டு: ‘பாரா குரு’ என்றாலே ஆசிரியர்கள் என்று பன்மை வந்துவிட்டது. ‘பாரா குரு-குரு’ என்று இரட்டித்தால் பிழை. விலங்குக்கும் பொருளுக்கும் இந்தப் பாராவைப் போடக்கூடாது. தமிழின் பாராட்டு, பாராமுகம், காவல் நிற்பதைச் சொல்லும் ‘பாரா’ எதுவும் கிரேக்கம் அல்ல.

*

கேள்வி: ‘பரோட்டிட்’ சுரப்பியிலும் பாரா இருக்கிறது என்று படித்தேன். கடைசி ‘ஆ’ எங்கே போனது?
(தாதியர் கல்லூரி மாணவி, கோலாலம்பூர்)

பதில்: பாராவுக்குப் பின் உயிரெழுத்து வந்தால் அந்த ‘ஆ’ விழுந்துவிடும். நம் புணர்ச்சி விதி போலத்தான். காது என்பதற்கான கிரேக்க அடிச்சொல் ‘ஓட்’, அதன் பக்கத்தில் இருப்பது பரோட்டிட். பொன்னுக்கு வீங்கி வந்தால் காதுக்குக் கீழே வீங்குவது அதுதான். பாடல் என்பது ‘ஓடே’, அதன் பக்கத்தில் வைத்துக் கேலியாகப் பாடுவது பாரடி. மெய்யெழுத்து வந்தால் ‘ஆ’ தங்கும்: தைராய்டை ஒட்டி, பெரும்பாலும் நான்காக, அரிசி அளவில் இருப்பவை பாராதைராய்டு. பெயரைப் பார்த்துத் தைராய்டின் பகுதி என்று நினைத்துவிடாதீர்கள். பாராதைராய்டு கவனிப்பது இரத்தத்தில் உள்ள கால்சியத்தை. தைராய்டு அறுவைச் சிகிச்சையில் இவை தெரியாமல் அடிபட்டால் நோயாளிக்கு உதட்டைச் சுற்றியும் விரல் நுனியிலும் மதமதப்பு வரும். வார்டில் நீங்கள் முதலில் கவனிக்க வேண்டியது அதை.

*

கேள்வி: ‘பாரா’ ஒளிந்திருக்கும் சொல், யாரும் எதிர்பார்க்காத ஒன்று, சொல்ல முடியுமா?
(ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், ஈப்போ சாலை, கோலாலம்பூர்)

பதில்: பார்லிமென்ட், ஐயா. பல்லெய்ன் என்றால் எறிதல். ஒன்றன் பக்கத்தில் இன்னொன்றை எறிந்து, அதாவது வைத்து, ஒப்பிடுவது ‘பாராபோலே’. கணக்கில் அது பரவளையம் ஆனது. ஆஸ்ட்ரோ செயற்கைக்கோள் தொலைக்காட்சித் தட்டின் வளைவு அந்த வகைதான், வானிலிருந்து இணையாக வரும் அலைகளையெல்லாம் ஒரே புள்ளியில் குவிக்கும். இலக்கியத்தில் அது உவமைக் கதை. ஏசு சொன்ன உவமைகளுக்கு இதுவே பெயர் என்பதால், லத்தீனில் ‘பரபோலா’ மெல்ல மெல்லச் ‘சொல்’ என்ற பொருளுக்கே வந்துவிட்டது. அதிலிருந்து பிரெஞ்சில் ‘பார்லே’, பேசுதல். பேசும் இடம் பார்லமா. அதுவே ஆங்கிலம் வழியாக நம்மிடம் பார்லிமென்ட்டாகவும் மலாயில் பார்லிமெனாகவும் வந்து சேர்ந்தது. 1963இல் திறந்த நம் நாடாளுமன்றக் கட்டடத்தின் பெயரில், பக்கத்தில் எறிந்த ஒரு கிரேக்க உவமை இருக்கிறது.